ஆறு வயதில் முளைக்கும் பல்

எங்கள் வீடுகளில் பல்லைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தவறாமல் வந்து விழும் வசனம் ஒன்று இருக்கிறது. "பாற்பல்லுத்தானே, எப்பிடியும் விழத்தானே போகுது." பிள்ளை கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதாலும் இதுதான் ஆறுதல். பற்சிகிச்சைக்கு வரும்படி எழுதிக் கொடுத்த துண்டு புத்தகப் பைக்குள் கசங்கிக் கிடந்தாலும் இதுதான் சமாதானம். இந்த வசனத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஏனென்றால், பெற்றோர் பலர் பாற்பல் என்று நினைத்துக் கைவிட்டுவிடும் அந்தப் பல் பாற்பல்லே அல்ல.

பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது இருபது பாற்பற்களும் முளைத்து முடிந்துவிடுகின்றன. ஆறு வயதளவில் முன்பல் ஆடத் தொடங்குகிறது. வீடே அதைக் கொண்டாடுகிறது. விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்கிறோம். அதே மாதங்களில், ஒருவரும் எட்டிப் பாராத இடத்தில், இன்னொரு காரியமும் நடக்கிறது. கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முரசை விலக்கிக்கொண்டு வெளிவருகின்றன. இவை வருவதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் புதுப்பல் வந்ததே வீட்டாருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், விழுந்து முளைக்காத பல் என்பதால் அதையும் பாற்பற்களின் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். உண்மையில் அவை நிரந்தரப் பற்கள். அறுபது எழுபது வயது வரை சோற்றை அரைக்க வேண்டியவை. போனால் அந்த இடத்தில் வேறொன்று முளைக்காது.

இதைக் கண்டுபிடிக்க வைத்தியப் படிப்பு வேண்டியதில்லை. பிள்ளையை வெளிச்சத்துக்கு முகம் காட்டி இருக்கச் செய்து, கீழ்த் தாடையின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிப் பாருங்கள். முன்பற்கள் இரண்டு, வேட்டைப்பல் ஒன்று, பாற்கடைவாய்ப் பற்கள் இரண்டு, ஆக ஐந்து. அதற்கு அப்பால் ஆறாவதாக ஒன்று தென்பட்டால் அதுதான் நான் சொல்லும் பல். ஆறு வயதில் வரும் ஆறாவது பல்.

நிரந்தரப் பற்களுள் அதிகமாகச் சூத்தை விழுவது இந்தப் பல்லில்தான். அதன் மேற்பரப்பு ஆழமான பள்ளங்களும் வெடிப்புகளும் கொண்டது. பிரஷ்ஷின் நாரை விட ஒடுங்கிய வெடிப்புகளில் சாப்பாடு போய் ஒட்டிக்கொள்கிறது. முளைக்கத் தொடங்கிய பல் பக்கத்துப் பல்லின் உயரத்துக்கு வரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பிள்ளை தேய்க்கும் பிரஷ் முன்னால் நிற்கும் பல்லோடு நின்றுவிடும். புதுப்பல்லின் மிளிரியும் அப்போது முற்றாக இறுகியிருப்பதில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து "போய்ப் பல்லை விளக்கு" என்று கிணற்றடிக்கு அனுப்பினால் அது முன்பல்லை மட்டும் வெளுக்கப் பண்ணிவிட்டு வரும். ஏழு எட்டு வயது வரை உம்மாவோ வாப்பாவோ கூட நின்று தேய்த்துவிடத்தான் வேண்டும். பிரஷ்ஷைக் கன்னத்தின் பக்கமிருந்து குறுக்காகக் கொண்டுபோய் அந்தக் கடைசிப் பல்லின் மேல் வைத்து மெதுவாக அசைக்க வேண்டும். புளோரைடு சேர்ந்த பற்பசை பயறளவு போதும். தேய்த்த பின் நுரையைத் துப்பினால் சரி. செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பல்லுக்குக் கிடைத்த புளோரைடும் தண்ணீரோடு போய்விடும்.

இனிச் சீனிக்கு வருவோம். இனிப்பே கொடுக்காதீர்கள் என்று எழுதி ஒருவரும் கேட்டதில்லை. நானும் அதை எழுதப் போவதில்லை. பெருநாளில் வட்டிலப்பம் சாப்பிட்டுப் பல் போனவர் யாருமில்லை. எவ்வளவு இனிப்பு என்பதை விட எத்தனை தடவை என்பதே பெரிய கேள்வி. பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் சீனியை அமிலமாக்குகின்றன. ஒவ்வொரு தடவை இனிப்புப் படும்போதும் அரை மணி நேரமளவு அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. பிறகு உமிழ்நீர் மெல்ல மெல்லச் சரிசெய்கிறது. காலையில் சீனித் தேத்தண்ணீர், பஸ்ஸில் ஒரு ரொபி, இடைவேளையில் கிறீம் பிஸ்கற், ரியூசனுக்குப் போகும்போது பைக்கற் பானம், படுக்கும்போது மா கரைத்த பால் என்று நாள் ஓடினால் உமிழ்நீருக்கு வேலை செய்ய நேரம் எங்கே? எங்கள் ஊரில் இன்னொரு பழக்கமும் உண்டு. வெறும் தேத்தண்ணீருக்குப் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிப்போம். பனங்கட்டி இயற்கையானது, பல்லுக்குக் கேடில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் சத்து இருக்கலாம். பல்லுக்கு அதுவும் சீனிதான். அதுவும் ஒட்டிக்கொள்ளும் சீனி. சாப்பாட்டோடு சேர்த்து உண்டால் கேடு குறைவு.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வகுப்பில் கற்பிப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இந்தப் பல் சாவது பெரும்பாலும் எங்கள் வகுப்பறைகளில்தான். ஆறு வயதில் முளைத்த பல்லில் ஏழு எட்டு வயதில் சூத்தை தொடங்கினால் ஒன்பது பத்து வயதில் அது நரம்பைத் தொடுகிறது. அந்த வயதில்தான் பிள்ளைக்குக் காலையிலும் வகுப்பு, பின்னேரத்திலும் வகுப்பு, சனி ஞாயிறும் வகுப்பு. "சோதினை முடியட்டும் ரீச்சர், பிறகு காட்டுவம்" என்று எத்தனையோ உம்மாமார் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை மாதிரி வினாத்தாளின் பாதியில் பென்சிலை வைத்துவிட்டுக் கன்னத்தை மேசையில் அழுத்திக்கொண்டு கிடந்தாள். இரவு முழுக்க நித்திரை இல்லையாம். அன்று அவள் எடுத்த புள்ளியைப் பற்றி வீட்டில் விசாரணை நடந்தது. பல்லைப் பற்றி நடக்கவில்லை. சோதனை காத்திருக்காது என்கிறீர்கள், சரி. சூத்தையும் காத்திருக்காது.

பல்லுக்கொதி வந்த பிறகே பல் வைத்தியரிடம் போவது என்று நாம் வைத்திருக்கும் ஒழுங்கு தலைகீழானது. சூத்தை தொடங்கும்போது வலிக்காது. முதலில் பல்லின் மேல் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைத் திட்டுத் தெரியும். அந்த நிலையில் புளோரைடு பூசியும் ஒழுங்காகத் தேய்த்தும் அதைத் திருப்பிவிடலாம், துளைக்கவே வேண்டாம். சூத்தை விழுமுன் பள்ளங்களின் மேல் மெல்லிய பூச்சு ஒன்றால் மூடிவிடவும் வழி இருக்கிறது. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை. ஆறு வயதுப் பல்லுக்கென்றே செய்யப்பட்டது போன்ற சிகிச்சை இது. குழி விழுந்துவிட்டால் அழுகியதை அகற்றிப் பல்லின் நிறத்திலேயே அடைக்கலாம். சூத்தை உள்ளே இறங்கினால் முதலில் குளிர்தண்ணீர் கூசும், இனிப்புக் கூசும். நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள நடுப்பகுதியைத் தொட்டதும்தான் நித்திரையைக் கெடுக்கும் கொதி வருகிறது. அப்போதும் பல்லைக் காப்பாற்ற முடியும். ஆனால் அது நரம்புச் சிகிச்சை, வேர்ச் சிகிச்சை என்று பல தடவை போய்வர வேண்டிய, எல்லா நிலையங்களிலும் கிடைக்காத வேலையாகிவிடுகிறது.

எல்லாவற்றிலும் ஏமாற்றுவது கொதி நிற்கும் நாள்தான். மூன்று நாள் கத்திய பிள்ளை நான்காம் நாள் சிரிக்கிறது. கராம்பு வைத்தோம், பனடோல் கொடுத்தோம், சுகமாகிவிட்டது என்று வீட்டார் நினைக்கிறார்கள். கராம்பு எண்ணெய்க்குக் கொஞ்ச நேரம் விறைக்க வைக்கும் குணம் இருப்பது உண்மை. ஆனால் கொதி நின்றதற்குக் காரணம் வேறு. உள்ளே இருந்த நரம்பு செத்துவிட்டது. இனி அந்தப் பல்லுக்கு அழத் தெரியாது. கிருமி வேரின் நுனிக்கு இறங்கி, சில வாரமோ மாதமோ கழித்து முரசில் சீழ்க் கட்டியாக வெளிவரும். தாடையின் கீழே வீங்கி, காய்ச்சலும் வந்து, வாயைத் திறக்கவோ எச்சிலை விழுங்கவோ பிள்ளை கஷ்டப்பட்டால் விடியும் வரை பார்த்திருக்கக் கூடாது. நேரே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஃபாமஸியில் வாங்கிய அன்ரிபயோட்டிக் வீக்கத்தை வற்றச் செய்யலாம், பல்லின் குழியை அடைக்காது.

இந்த நேரத்தில் பெற்றோர் வாயிலிருந்து வருவது ஒரே கோரிக்கை: "டொக்டர், புடுங்கிவிடுங்கோ." நான் அறிந்தவரை எங்கள் பகுதியில் பல் வைத்தியர் என்றால் பல் பிடுங்குகிறவர் என்றே பொருள். கண் வைத்தியரிடம் போய்க் கண்ணைத் தோண்டச் சொல்கிறோமா? ஆறாவது பல்லைப் பிடுங்கினால் பக்கத்துப் பல் வெற்றிடத்துக்குச் சரியும், எதிர்த்தாடைப் பல் மெல்ல இறங்கி வரும், பிள்ளை ஒரு பக்கத்தால் மட்டும் சப்பப் பழகும். பதினாறு வயதில் "பல்லு வரிசை குழம்பிப்போச்சு, கம்பி போடவேணும்" என்று வருத்தப்படுவோம். சில பிள்ளைகளுக்கு, பின்னால் வரவிருக்கும் பல்லின் நிலையைப் பார்த்து, பழுதான பல்லை எடுத்துவிடுவதே நல்லது என்று வைத்தியரே தீர்மானிப்பதும் உண்டு. அது படம் எடுத்துப் பார்த்து அவர் எடுக்கும் முடிவு. வாசலில் நின்றுகொண்டு நாம் எடுக்கும் முடிவு அல்ல.

நமக்கு என்ன செய்யப்படுகிறது என்று நமது மொழியில் கேட்டறியும் பழக்கம் இல்லாததும் இதற்கொரு காரணம். இத்தனைக்கும் மேற்கத்தைய வைத்தியத்தைத் தமிழில் கற்பித்த ஊர் எங்களுடையது. 1847இல் முதன்முதலாக யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்தபடி, வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார், தமிழிலேயே வைத்தியர்களை உருவாக்கினார். அந்த ஊரில் இருந்துகொண்டு "இந்தப் பல்லை அடைக்க முடியுமா? வேருக்குள் சிகிச்சை செய்யலாமா? பிடுங்கினால் பிறகு என்ன செய்வது?" என்ற மூன்று கேள்விகளைத் தமிழில் கேட்க நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

மூத்தவர்களைக் குறை சொல்லி முடித்துவிடவும் மனம் வரவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி சோனகத் தெருவிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேறிய குடும்பங்களில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு ஆறாவது பல் முளைத்தது புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில். குடிதண்ணீருக்கு வரிசையில் நின்ற உம்மாவுக்குப் பிள்ளையின் கடைவாயைப் பார்க்க எப்படி நேரமிருந்திருக்கும்? 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்த எங்கள் அயலவர்களுக்கும் இதே கதைதான். அந்தப் பிள்ளைகள்தான் இன்று நாற்பதைத் தொடும் பெற்றோர். சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கும் பழக்கம் அவர்களில் பலருக்கு இருக்கிறது. பல் என்றால் போவதற்கென்றே வந்த ஒன்று என்று அவர்கள் நினைத்தால் அதில் வியப்பில்லை. அந்த நினைப்பைப் பிள்ளைக்கும் சொத்தாகக் கொடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. இன்று கொட்டிலும் இல்லை, அகதி வாழ்வும் இல்லை.

வசதியும் இருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே பயிற்றப்பட்டவர்களை நியமிக்கும் முறையை 1921இல் நியூசிலாந்து தொடங்கியது. இலங்கை அதைப் பின்பற்றி, மகரகமையில் பயிற்சி அளித்து, பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களை நாடெங்கும் அனுப்பியது. பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்கு அடைப்பதும் பூசுவதும் அவர்கள் வேலை. அதற்கு மேற்பட்டவர்களுக்கு யாழ் போதனா வைத்தியசாலையிலும் பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி போன்ற ஆதார வைத்தியசாலைகளிலும் பற்சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. காசு கேட்பதில்லை. இவ்வளவும் இருந்தும், 2015-2016 தேசிய வாய்ச் சுகாதார ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளுள் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சூத்தைப்பல் இருந்தது. சூத்தைப் பாற்பல் நிறைந்த வாய்க்குள்தான் அடுத்த வருடம் புது நிரந்தரப் பல் வரப்போகிறது. பாற்பல்லையும் அடைக்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்வது இதற்காகத்தான்.

மாணவிகளுக்கும் சில சொல்ல வேண்டும். பெண் பார்க்க வரும் காலத்தில் முன்பல்லை வெள்ளையாக்கவும் நேராக்கவும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். கடைவாய்ப் பல்லை ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்பதால் அதற்கு ஒரு காலை நேரத்தைக்கூடச் செலவழிப்பதில்லை. உங்கள் பல் மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பதற்காக முளைத்ததல்ல. தேய்க்கும்போது முரசில் இரத்தம் கசிந்தால் பயந்து தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். தேய்க்காமல் விட்டதால்தான் இரத்தம் வருகிறது. காறையை எடுத்தால் பல் ஆடும் என்பது பொய். காறை முரசைத் தின்று பல்லை ஏற்கனவே ஆட்டிவிட்டிருக்கும், எடுத்த பிறகுதான் அது தெரிய வரும். காறைக்குக் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பைக் குற்றம் சொல்வதும் சரியல்ல. தேய்க்காத அழுக்கு உமிழ்நீரில் உள்ள உப்புக்களால் இறுகித்தான் காறையாகிறது. மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை குறையும் என்பதும் அப்படியான ஒரு கதைதான். கர்ப்பிணிகள் பல்லுக்கு மருந்து செய்யக் கூடாது என்பது அதைவிடக் கேடான கதை. எங்கள் கிளினிக்குகளில் கர்ப்பிணித் தாய்மாரைப் பற்பரிசோதனைக்கு அனுப்பும் ஒழுங்கே இருக்கிறது. மருத்துவமாது எழுதித் தந்தால் போங்கள்.

உம்மம்மாமாரிடம் வெற்றிலையைப் பற்றிப் பேசினால் கோபிப்பார்கள். ஆயினும் பேசத்தான் வேண்டும். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பாக்கோடு சப்பும் வெற்றிலை வாய்ப்புற்றை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட முடிவு. கன்னத்தின் உள்ளே ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முன்புபோல் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பேத்திமார்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

மிஸ்வாக் பற்றியும் கேட்பார்கள். எங்கள் வரண்ட கரையோரப் பற்றைகளில் உவாய் என்று சொல்லப்படும் மரத்தின் குச்சிதான் அது. வாயைச் சுத்தமாக வைத்திருக்கச் சொன்ன மார்க்கத்தில் பிறந்த நாம் இந்த விடயத்தில் பின்னால் நிற்பது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். குச்சியால் முன்பல்லைத் தேய்ப்பது இலகு. கடைவாய்க்கு அதைக் கொண்டுபோவது கடினம். ஆகவே மிஸ்வாக் செய்யும் பிள்ளையும் பிரஷ்ஷால் ஆறாவது பல்லைத் தேய்க்கத்தான் வேண்டும். நோன்பு காலத்தில் ஸஹர் முடித்துத் தேய்த்துவிட்டுப் படுங்கள். பகலில் பல் வைத்தியரிடம் போகலாமா என்ற சந்தேகம் இருந்தால் மௌலவியிடம் கேளுங்கள். பல்லை விறைக்க வைக்கும் ஊசியால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பலரின் கருத்து. ஒரு மாதம் முழுக்கக் கொதியைச் சகித்துக்கொண்டு பெருநாளுக்குப் பிறகு பிடுங்கப் போவதற்கு நோன்பு காரணமாக இருக்க வேண்டாம்.

அதிகாரிகளிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. யாழ் நகரில் உள்ள பிள்ளை முச்சக்கர வண்டியில் பத்து நிமிடத்தில் பற்சிகிச்சைக்குப் போய்விடும். நெடுந்தீவுப் பிள்ளை படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து வர வேண்டும். ஒரு பல்லை அடைக்க ஒரு பாடசாலை நாளும் வாப்பாவின் ஒரு நாள் உழைப்பும் போகும். அங்கே பிடுங்குவதே இலேசாகத் தோன்றினால் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. வாகனத்தில் பொருத்திய பற்சிகிச்சை அறைகள் ஆண்டுக்கு இரண்டு தடவை தீவகத்துக்குப் போனாலே பெரிய மாற்றம் வரும்.

எமது பாடசாலையில் செய்யக்கூடியது இதைவிடச் சிறியது. முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையில் உயரத்தையும் நிறையையும் எழுதுகிறோம். அவற்றின் கீழே ஒரு வரி: ஆறாவது பல் நான்கும் வந்துவிட்டனவா, பற்சிகிச்சையாளர் பார்த்த திகதி என்ன? வகுப்பாசிரியைக்கு ஒரு சிறிய ரோச் லைற் போதும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைப் பிரேரிக்க இருக்கிறேன். வழிமொழிய ஓர் உம்மாவாவது எழும்புவார் என்று நம்புகிறேன்.